ஈரறமும் இரு மனமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)

வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டளவில் இயற்றிய தேம்பாவணியைப் படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்றுத் தயங்கவே செய்வர். நாட்டுப் படலம், நகரப் படலம் என நமக்குப் பழகிய தடத்திலேயே காப்பியம் செல்கிறது. தலைவன் பிறக்கிறான், வளர்கிறான், திருமணப் படலத்தில் மணமுடிக்கிறான். சிந்தாமணியைப் படித்த மாணவருக்கு அடுத்து வரப்போவது என்னவென்று தெரியும். மணமக்களின் இன்ப வாழ்வை விரித்துரைப்பது அல்லவா நம் காப்பிய மரபு! ஆனால் தேம்பாவணியின் தலைவன் வளன். கத்தோலிக்கர் சூசையப்பர் என்று வணங்கும் தச்சர். தலைவி மரியன்னை. இருவரும் ஆயுள் முழுவதும் கன்னிமை காப்பதாக நேர்ந்துகொண்டவர்கள். ஆகவே அடுத்து வரும் படலத்துக்கு முனிவர் இட்ட பெயர், 'ஈரறம் பொருத்து படலம்'. இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரே கூரையின் கீழ்ப் பொருத்திவைத்தல் என்பது அதன் கருத்து.

"சேர், அப்படியெண்டால் அது கலியாணமா?" என்று உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்.

கேள்வி நியாயமானது. வள்ளுவர் இல்லறவியலையும் துறவறவியலையும் அடுத்தடுத்து வைத்தாரேயன்றி ஒன்றினுள் மற்றொன்றை வைத்தாரில்லை. நான் கிறிஸ்தவன் அல்லன். இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் ஒரு காப்பியத்தைக் கற்பிப்பதற்கு அது பிறந்த சிந்தனை மரபையும் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டுமல்லவா? அந்த எண்ணத்தில் தேடிப் படித்தபோது வியப்பான செய்தி ஒன்று தெரியவந்தது. அந்த மாணவி கேட்ட அதே கேள்வியை 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பேரறிஞர்கள் கேட்டு நீண்டகாலம் வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடை தேவாலயச் சுவர்களைத் தாண்டி, ஒரு பெண்ணின் சம்மதமின்றி அவளை மணமுடித்துக் கொடுக்கலாமா என்ற வினா வரை சென்றிருக்கிறது. உடலின்பத்தை ஐயத்தோடு நோக்கிய ஒரு சமய மரபு, மணமக்களின் சொந்த விருப்பத்தையே மணத்தின் உயிர்நிலை ஆக்கியது எங்ஙனம் என்பதையே இன்று நோக்கவிருக்கிறோம்.

கிறிஸ்தவம் யூத மண்ணில் முளைத்தது. மணம் செய்வதும் மக்களைப் பெறுவதும் யூத மரபில் கடவுள் இட்ட கட்டளை. ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்திலேயே அது வந்துவிடுகிறது. அடுத்த அதிகாரத்தில் வேறொரு கருத்து வருகிறது. அங்கே கடவுள் ஆணுக்குப் பெண்ணைப் படைப்பது அவனுடைய தனிமையைப் போக்குவதற்காக. மக்கட்பேறு ஒன்று, துணைமை ஒன்று. இந்த இரண்டில் எது முதன்மையானது என்ற இழுபறி பின்வந்த நூற்றாண்டுகள் முழுவதும் தொடர்வதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும்.

யேசுநாதர் கானாவூர்க் கலியாணத்துக்குச் சென்றவர். மனைவியரைத் தள்ளிவிடும் ஆண்களைக் கண்டித்தவர். அதேவேளை, விண்ணரசின் பொருட்டு மணத்தைத் துறப்போரையும் அவர் மதித்துப் பேசியதாக மத்தேயு எழுதிய நற்செய்தி கூறுகிறது. கத்தோலிக்கர் சின்னப்பர் என்றும் புரட்டஸ்தாந்தினர் பவுல் என்றும் அழைத்துவந்த அப்போஸ்தலர், உலக முடிவு கிட்டிவிட்டது என்று நம்பிய காலத்தவர். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், தம்மைப்போல மணமாகாதிருத்தலே நலம், அது இயலாதவர் மணந்துகொள்ளட்டும் என்ற தொனியிலேயே அவர் பேசுகிறார். ஆனால் அதே அதிகாரத்தில் ஓர் அதிசயம் உண்டு. மனைவியின் உடல்மீது கணவனுக்கு உரிமை இருப்பது போலவே கணவனின் உடல்மீது மனைவிக்கும் உரிமை உண்டு என்கிறார். அடிமைப் பெண்ணோடு ஆண்மகன் கூடுவதைக் குற்றமென்றே கருதாத உரோம உலகில் இது இலேசான சொல் அன்று.

உலகம் முடிந்துவிடவில்லை. துறவு மட்டும் வளர்ந்தது. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய தெக்கிளாவின் கதை இதற்குச் சான்று. இக்கோனியம் நகரத்துப் பெண்ணான தெக்கிளா யன்னலருகில் இருந்தபடி பவுலின் போதனையைக் கேட்கிறாள்; நிச்சயித்த மாப்பிள்ளையை மறுத்துவிடுகிறாள். பெற்ற தாயே அவளை எரிக்கும்படி கூக்குரலிடுகிறாள். வரலாற்றுக் கதையாக இதனைக் கொள்வதற்கில்லை. ஆயினும் பெண்கள் இதனை ஏன் விரும்பிக் கேட்டனர் என்பது விளங்கக்கூடியதே. உரோமச் சட்டப்படி பெண்ணின் மணவயது 12. பிரசவத்தில் மாண்டவர் தொகை பெரிது. அத்தகைய உலகில் கன்னிமை என்பது ஒரு பெண் 'மாட்டேன்' என்று சொல்வதற்குக் கிடைத்த ஒரே வழியாகவும் இருந்தது. உடலை வெறுத்த மரபு என்று எளிதாக ஒதுக்கிவிடுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

4ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரியில் யோவினியன் என்ற துறவி, தானே துறவியாக இருந்துகொண்டு, கன்னியரும் விதவையரும் மணமான பெண்டிரும் கடவுள் முன் சமம் என்று போதித்தார். அவரைத் திருச்சபை கண்டித்தது. வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்த பேரறிஞர் ஜெரோம் 393ஆம் ஆண்டில் அவருக்கு எதிராக ஒரு நூலை எழுதினார். மணத்தையும் பெண்களையும் அதில் அவர் எள்ளி நகையாடிய வேகம் அவருடைய நண்பர்களுக்கே பொறுக்கவில்லை. பம்மாக்கியுஸ் என்ற நண்பர் பிரதிகளைத் திரும்பப் பெற முயன்றார் என்று அறிகிறோம். கண்டன இலக்கியம் நம்மவர்க்கும் புதிதன்று. நாவலர் காலத்துக் கண்டனங்களைப் படித்தவர்கள் ஜெரோமின் நடையை உடனே இனங்கண்டுகொள்வர்.

இந்த இருவருக்கும் நடுவே நின்றவர் வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய புனித அகுஸ்தீனார். மேற்குலகக் கிறிஸ்தவத்தின் பாலியற் சிந்தனையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் இவரே. இவருடைய 'ஒப்புதல்கள்' என்ற சுயசரிதையை இலக்கிய அன்பர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். பதினேழு வயதளவில் ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். மணமுடிக்கவில்லை, அவள் அந்தஸ்தில் குறைந்தவள் என்று ஊகிக்க இடமுண்டு. அதேயோதாத்துஸ் என்றொரு மகன் பிறந்தான். பெயரின் பொருள் 'இறைவன் தந்தவன்'. பதினைந்து ஆண்டளவு அவளுக்கு உண்மையாக இருந்தார். பின்னர் மிலான் நகரில் அவருடைய உத்தியோகம் உயர்ந்தபோது தாய் மோனிக்கா நல்ல இடத்தில் பெண் பேசினார். பெண் மணவயதுக்கு வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. கூட வாழ்ந்தவள் தடையாக இருக்கக்கூடாதே! அவளை ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மகனை விட்டுவிட்டு, இனி வேறோர் ஆடவனை அறியேன் என்று நேர்ந்துகொண்டு அவள் போனாள். அகுஸ்தீனார் தம் இதயம் கிழிந்து இரத்தம் கசிந்ததாக எழுதுகிறார். எழுதிவிட்டு, காத்திருக்க முடியாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுகிறார். பேசிய கலியாணமும் நடக்கவில்லை. 387ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றுத் துறவு வாழ்வை மேற்கொண்டார்.

இத்தனை எழுதியவர் அவளுடைய பெயரை எழுதவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் பெயர் சுட்டப்படாமைக்கு இலக்கணம் உண்டு. இங்கே என்ன காரணம் என்று சொல்வார் இல்லை. நாணமோ, பரிவோ, அவளைப் பிறர் தேடிச் செல்லக்கூடாது என்ற எண்ணமோ? எதுவாயினும், ஆசையை அடக்கும் திறன் விருப்பத்துக்கு இல்லை என்று இவர் பின்னாளில் வாதிட்டபோதெல்லாம் அந்தப் பெயரில்லாத பெண் பின்னால் நிற்பதாகவே எனக்குத் தோன்றும்.

401ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூல் மணத்தின் நன்மைகள் மூன்று என வகுத்தது. மக்கட்பேறு, பரஸ்பர விசுவாசம், பிரிக்கமுடியாத புனிதப் பிணைப்பு. ஜெரோமோடு ஒப்பிட்டால் இது மணத்துக்குக் கொடுத்த பெரிய மரியாதை. ஆனால் விலையும் இருந்தது. குழந்தையை எண்ணிக் கூடினால் குற்றமில்லை. இன்பத்தை மட்டும் நாடிக் கூடினால் மனைவியோடாயினும் சிறு பாவம். ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் மனிதரின் காமம் நோயுற்ற காமம். அதன் வழியாகவே ஆதிபாவம் சந்ததிக்குக் கடத்தப்படுகிறது என்றார். இத்தாலியில் எக்லானம் நகரின் ஆயரான யூலியான், அவர் மணம் செய்தவர், உடலின் ஆசை கடவுள் படைத்தது, அது தன்னளவில் தீதன்று என்று எதிர்த்து எழுதினார். அகுஸ்தீனார் இறக்கும்வரை அந்த வாதம் ஓயவில்லை. மேற்கில் வென்றது அகுஸ்தீனாரே.

அடுத்த ஆறேழு நூற்றாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். பாவப்பரிகார நூல்கள் எழுந்தன. தவக்காலம், விழாநாள், ஞாயிறு எனக் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டிய நாள்களை அவை பட்டியலிட்டன. கீழைத் திருச்சபைகளில் மணமானவர் குருவாவது தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது. மேற்கில் 1139ஆம் ஆண்டின் இரண்டாம் லாத்தரன் சங்கம் குருமார் செய்யும் மணம் செல்லாது என்றே தீர்த்துவிட்டது.

இந்த இடத்தில்தான் வரலாறு ஒரு விசித்திரமான திருப்பத்தை எடுக்கிறது. உடலுறவை இவ்வளவு ஒடுக்கிய அதே 12ஆம் நூற்றாண்டில் காதல் மொழி பீறிட்டெழுந்தது. பேர்நார்து என்ற துறவி, வேதாகமத்தின் காதற் பாடலாகிய உன்னதப்பாட்டுக்குத் தம் மடத்துத் துறவிகளிடையே 86 பிரசங்கங்கள் செய்தார். அத்தனை செய்தும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டவில்லை! ஆன்மா தலைவி, இறைவன் தலைவன். நம்மாழ்வாரையும் மாணிக்கவாசகரையும் ஓதும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அதே காலத்தில், அதே பிரான்சில், அபெலார் என்ற தத்துவ ஆசிரியரும் ஏலோயிஸ் என்ற கல்விமிக்க பெண்ணும் காதலித்தனர். அவளுடைய தாய்மாமன் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர் அபெலார். குழந்தை பிறந்தது. அவர் இரகசியமாக மணமுடிக்க முன்வந்தபோது மறுத்தவள் ஏலோயிஸ். மணம் அவருடைய கல்விக்குத் தடை என்பது ஒரு காரணம். தன்விருப்பாய்க் கொடுக்கும் அன்பே மனைவி என்ற பட்டத்திலும் உயர்ந்தது என்பது மற்றொன்று. கடைசியில் மணம் நடந்தது. தாய்மாமனின் ஆட்கள் இரவில் புகுந்து அபெலாரின் ஆண்மையைச் சிதைத்தனர். இருவரும் மடம் புகுந்தனர். பல ஆண்டுகளின் பின் மடத்தலைவியாக இருந்து அவள் எழுதிய கடிதங்களில், பூசைவேளையிலும் பழைய இன்பங்களே நினைவில் எழுவதாகவும், அவற்றுக்காக வருந்தத் தன்னால் இயலவில்லை என்றும் எழுதுகிறாள். வெளியுலகம் அவளைக் கற்பரசி என்று போற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்தச் சோகக் கதையைப் பலர் அறிவர். அபெலார் பிற்காலத்தில் எழுதிய அறநூலைப் பலர் அறியார். பாவம் செயலில் இல்லை, உடலில் எழும் இன்பத்திலும் இல்லை, மனம் கொடுக்கும் சம்மதத்திலேயே இருக்கிறது என்பது அந்நூலின் கொள்கை. 'சம்மதம்' என்ற சொல்லை நேயர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி எங்கள் மாணவியின் கேள்விக்கு வருவோம். ஒரு மணத்தை மணம் ஆக்குவது எது? பொலோஞாவில் 1140ஆம் ஆண்டளவில் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்த கிராசியான், சம்மதத்தால் தொடங்கும் மணம் உடற்சேர்க்கையாலேயே நிறைவெய்துகிறது என்றார். பாரிஸ் அறிஞர்கள் ஒப்பவில்லை. அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் நம் தேம்பாவணித் தலைவனும் தலைவியுமே. சேர்க்கையே மணத்தை ஆக்குமாயின் சூசையப்பரும் மரியாளும் கணவன் மனைவி அல்லர் என்றாகுமே! வேதாகமம் அவர்களைக் கணவன் மனைவி என்கிறதே! ஆகவே இரு மனங்களின் இசைவே மணம் என்றார் சென் விக்ரர் மடத்து ஹியூ. பீற்றர் லொம்பாட் அதனைப் பாடநூலாக்கினார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் இந்தப் பக்கமே சாய்ந்து சட்டம் செய்தார். 'உன்னை இப்போது என் மனைவியாக ஏற்கிறேன்', 'உன்னை என் கணவனாக ஏற்கிறேன்' என்ற கருத்தில் நிகழ்காலச் சொல்லால் இருவர் சொல்லிக்கொண்டால் மணம் முடிந்தது. சேர்க்கை நிகழாத மணத்தைச் சில நிலைகளில் அவிழ்க்கலாம் என்ற விதிவிலக்கு மட்டும் எஞ்சியது.

நேயர்களே, இதன் விளைவைச் சற்று எண்ணிப்பாருங்கள். கன்னிமையைக் காப்பாற்ற எழுந்த வாதம், காதலர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டது. மணத்துக்குத் தகப்பனின் அனுமதி வேண்டாம். சீதனம் வேண்டாம். குருவானவர்கூட வேண்டாம். சாட்சி இல்லாமல், மரத்தடியில், சாராயக் கடையில், சமையற்கட்டில் சொல்லிக்கொண்டாலும் மணம் மணமே. இப்படிச் செய்வது குற்றம் என்று திருச்சபை தடுத்தது. செய்துவிட்டால் செல்லாது என்று சொல்ல அதனால் முடியவில்லை.

இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருந்ததா? இங்கிலாந்தில் நோர்போக் பகுதியில் வாழ்ந்த பாஸ்ரன் குடும்பத்தாரின் கடிதங்கள் 15ஆம் நூற்றாண்டின் வாழ்க்கையை அப்படியே காட்டுவன. 1469ஆம் ஆண்டில் அக்குடும்பத்து மகள் மார்ஜரி, தங்கள் காணிகளைப் பார்த்துவந்த காரியஸ்தர் றிச்சட் கல்லேயோடு இரகசியமாக மணவாக்குப் பரிமாறிக்கொண்டாள் என்று தெரியவந்தது. அவனுடைய வீட்டார் வியாபாரிகள். தன் தங்கை மெழுகுதிரியும் கடுகும் விற்க விடமாட்டேன் என்று அண்ணன் ஒருவன் எழுதுகிறான். இருவரையும் சந்திக்க விடாது தடுத்தார்கள். கல்லே அவளுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. கடவுள் முன்னிலையில் கணவன் மனைவியான நாம் இப்படிப் பிரிந்திருக்கிறோமே என்று வருந்தி, வாசித்தவுடன் எரித்துவிடு என்று முடிக்கிறான். எரிக்கச் சொன்ன கடிதம் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கிறது!

வழக்கு நோரிச் ஆயரிடம் போயிற்று. ஆயர் மார்ஜரியைத் தனியே விசாரித்தார். அவளுடைய குலத்தையும் உறவினரையும் நினைவூட்டினார். பெரியவர்கள் சொற்கேட்டு நடந்தால் கிடைக்கும் நன்மைகளையும், கேளாவிடின் வரும் இழிவையும் எடுத்துச் சொன்னார். பின்பு, நீ சொன்ன சொற்கள் யாவை என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்தச் சொற்களால் மணம் உறுதியாகவில்லை என்றால், இவ்விடம் விட்டுப் போகுமுன் இன்னும் உறுதியாக்கிக்கொள்வேன் என்றும் சொன்னாள். இச்செய்தியை எழுதிவைத்தவர் அவளுடைய தாய் மார்கிறற். மகள் வீட்டுக்கு வந்தால் கதவு திறக்கக்கூடாது என்று கட்டளையிட்டவரும் அவரே. மூத்த மகனுக்கு எழுதும்போது, நாம் இழந்தது பயனற்ற ஒருத்தியைத்தான், மனம் வருந்தாதே என்கிறார். அந்த வரிகளை எழுதிய கை நடுங்கியிருக்குமா என்று நான் எண்ணுவதுண்டு.

குடும்பத்துக்குச் செல்வாக்கு இருந்தது. ஆயரும் அவர்கள் பக்கமே மனம் சாய்ந்தவர். இருந்தும் மணத்தை உடைக்க அவரால் முடியவில்லை. மார்ஜரியும் கல்லேயும் சேர்ந்து வாழ்ந்தனர். கதவை அடைத்த தாய், பின்னாளில் தம் மரணசாசனத்தில் மார்ஜரியின் மகனுக்குப் பணம் எழுதிவைத்தார். நமது அகப்பொருள் இலக்கணம் அறிந்தோர் இதனைக் களவு என்பர். ஆயர் முன் அவள் பேசியதை 'அறத்தொடு நிற்றல்' என்னலாம். நம் இலக்கியத்தில் அதனைப் பெரும்பாலும் தோழி செய்வாள். மார்ஜரிக்குத் தோழி இல்லை. சேக்ஸ்பியரின் ஜூலியற், தந்தை குறித்த மாப்பிள்ளையை ஏற்கமுடியாது தவிப்பதும் இந்தச் சட்டத்தின் பின்னணியிலேயே முழுமையாக விளங்கும். தந்தைக்குத் தெரியாமல் நடந்த மணமானாலும் அவள் ஏற்கெனவே ரோமியோவின் மனைவி.

களவுக்கு ஒரு குறை உண்டு. சொன்னவன் சொல்லவில்லை என்று மறுத்தால் சாட்சி யார்? ஒருத்தியிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டு வேறொருத்தியை ஊரறிய மணந்த ஆடவர் வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களில் நிறைந்தன. 1563ஆம் ஆண்டில் திரெந்து சங்கம், பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் இல்லாத மணம் செல்லாது என விதித்தது. பொய்யும் தவறும் நேர்ந்த பின்னரே பெரியோர் கரணம் வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் கூறியதும் இதே காரணமே. இரண்டு நாகரிகங்கள் ஒன்றை ஒன்று அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தன. ஆனால் அச்சங்கம் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பெற்றோர் சம்மதம் இல்லாத மணம் செல்லாது என்று விதிக்குமாறு பிரான்ஸ் அரசின் தரப்பு வற்புறுத்தியும் மறுத்துவிட்டது. அதே சங்கம், மணவாழ்வு கன்னிமையிலும் மேலானது என்போரைக் கண்டித்தும் விதி செய்தது. உடலைத் தாழ்த்தியதும் சம்மதத்தை உயர்த்தியதும் ஒரே ஆண்டில், ஒரே ஏட்டில்.

அந்தக் கண்டனம் யாரை நோக்கியது? மார்ட்டின் லூதரையும் அவர் வழி வந்தோரையும். லூதர், அகுஸ்தீனாரின் பெயர்கொண்ட சபையில் துறவியாக இருந்தவர். 1523இல் ஒரு மடத்திலிருந்து கன்னியாஸ்திரிகள் சிலர், மீன் வியாபாரியின் வண்டியில் ஒளிந்து தப்பிவர உதவினார்; அவர்களுள் ஒருத்தியான கத்தரீனாவை 1525இல் மணந்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தன. பழைய மடத்துக் கட்டடத்திலேயே குடித்தனம். கத்தரீனா மாடு பன்றி வளர்த்தார், பியர் வடித்தார், மாணவர்களுக்குச் சோறு போட்டார். தகப்பன் ஒருவன் குழந்தையின் அழுக்குத் துணியைக் கழுவினால் ஊர் சிரிக்கும், கடவுளோ மகிழ்வார் என்ற கருத்தில் லூதர் மணமாகுமுன்பே எழுதியிருந்தார். துறவியின் செபத்துக்கு இணையாக வீட்டு வேலையை வைத்தது பெரும் புரட்சிதான். ஆனால் புரட்சிக்கு மறுபக்கமும் உண்டு. இரகசிய மணவாக்கை லூதர் ஏற்கவில்லை. பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார். மடங்கள் மூடப்பட்டபோது தெக்கிளாவின் வழியும் மூடப்பட்டது. மணத்தை விரும்பாத பெண்ணுக்கு அந்த நாடுகளில் போக்கிடம் குறைந்தது.

துணைமை என்ற பழைய கருத்தை மேலே கொண்டுவந்தவர் ஒரு கவிஞர். 1642இல் யோன் மில்ரன் தம் வயதில் பாதியான பெண்ணை மணந்தார். சில வாரங்களில் அவள் தாய்வீடு போய்விட்டாள். அடுத்த ஆண்டே விவாகரத்தை ஆதரித்து நூல் எழுதினார். சொந்தக் காயம் கொள்கையானதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்! மணத்தின் முதல் நோக்கம் மனிதனின் தனிமையைப் போக்குவது; மனம் பொருந்தாத இடத்தில் உடல் சேர்வது மட்டும் மணமாகாது என்பது அவர் வாதம். வசை நாற்புறமும் வந்தது. 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' என்ற காவியத்தில், ஆதாமும் ஏவாளும் பாவம் செய்யுமுன்னரே ஏதேன் தோட்டத்துப் பந்தலில் காதலின்பம் துய்ப்பதை வாழ்த்திப் பாடுகிறார். தேவதூதர்களும் காதல் செய்வார்களா என்று ஆதாம் கேட்க, தூதன் முகம் சிவந்து, ஆம் என்கிறான். ஏதேனில் சேர்க்கை நிகழ்ந்திருந்தாலும் அதில் வேட்கை இருந்திராது என்று அகுஸ்தீனார் எழுதியதற்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கவிதை சொன்ன மறுமொழி அது. மில்ரனின் துணைமையிலும் ஆண் தலைவனே, பெண் ஒரு படி கீழேதான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றங்களை நேயர்கள் ஓரளவு அறிவர். 1930இல் அங்கிலிக்கன் ஆயர்களின் லம்பெத் மாநாடு கருத்தடையை வரையறையோடு அனுமதித்தது. அதே ஆண்டின் இறுதியில் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அதனை மறுத்து எழுதினார். 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் மறுத்தார். ஆயினும் அகுஸ்தீனாரின் தராசு அசைந்துவிட்டது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுதி மக்கட்பேற்றை முதல் நோக்கம் என்றும் பரஸ்பர உதவியை இரண்டாவது என்றும் வரிசைப்படுத்தியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அந்த வரிசையைக் கைவிட்டு, மணத்தை வாழ்வும் அன்பும் இணைந்த ஒரு தோழமையாக விவரித்தது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுதி, தம்பதியரின் நலனையும் மக்கட்பேற்றையும் ஒருசேர வைத்தது. விவாகரத்துச் செய்து மறுமணம் புரிந்தோர் பற்றியும் ஒருபாலினத்தவர் பற்றியும் சபைகளுக்கிடையிலும் சபைகளுக்குள்ளும் வாதம் தொடர்கிறது. 2023 டிசம்பரில் அத்தகைய இணைகளுக்கு ஆசி வழங்கலாம், அது மணம் ஆகாது என்று வத்திக்கான் அறிவித்தபோது எழுந்த இரு தரப்புக் கூச்சலும், யோவினியன் காலத்துக் கூச்சலுக்குக் குறைந்ததன்று.

எஞ்சியிருப்பது சம்மதம். இன்றைய கத்தோலிக்கத் திருமணச் சடங்கில், மணவாக்குக்கு முன்னர், எவருடைய வற்புறுத்தலும் இன்றி வந்தீர்களா என்று குருவானவர் இருவரையும் கேட்கிறார். பலவந்தத்தாலோ கடும் பயத்தாலோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது. அந்த மணம் தொடக்கத்திலேயே இல்லை என்பது சட்டம். பயமுறுத்துதல் என்றால் கத்தியைக் காட்டுவது மட்டுமா? தாயின் கண்ணீர், தகப்பனின் மௌனம், சாப்பிடாமல் கிடத்தல், 'எங்கட மானம்' என்ற ஒரு சொல், இவையும் அதற்குள் அடங்குமா? திருச்சபை நீதிபதிகள் இதனையும் எடைபோட வேண்டியிருந்தது. பெற்றோர்மீது கொண்ட பயபக்தியாலேயே ஒருத்தி தலையாட்டினாள் என்று வழக்கு வரும்போது, அவள் பட்ட அச்சம் எவ்வளவு, பெற்றோர் எத்தனை நாள் எப்படியெல்லாம் நெருக்கினர், அவள் எவரிடமாவது 'எனக்கு விருப்பமில்லை' என்று சொன்னாளா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். நோரிச் ஆயர் மார்ஜரியிடம் தேடியது 'ஆம்' என்ற சொல்லை. இவர்கள் தேடுவது சொல்லப்படாமல் போன 'இல்லை' என்ற சொல்லை.